அப்பாவின் வேட்டியில் ஓடிய படம்

எங்கள் வீட்டில் என்னைவிட ஒரு வயது மூத்ததாக ஒரு வேண்டுதல் இருந்தது. அப்பா வேலையில்லாமல் பட்டாபிராமில் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் திருத்தணி மலை ஏறி, ஆவடி ஃபேக்டரியில் வேலை கிடைத்தால் இனிமேல் குடும்பத்தோடு படம் பார்க்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டார். முடி கொடுக்கிறேன் என்று சொல்ல அவர் தலையில் அப்போதே பெரிதாக ஒன்றும் இல்லை. அவருடைய அன்றைய குடும்பம் என்பது கல்யாணமாகி மூன்று மாதமே ஆகியிருந்த அம்மா மட்டும்தான். அவள் மலைக்குக்கூடப் போகவில்லை. விபூதியும் பஞ்சாமிர்தமும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான், தன் பங்கிலிருந்து அவர் எதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த மாதமே வேலைக்கு ஆர்டர் வந்தது. சாமி தன் பங்கைச் செய்துவிட்டதால் இனித் தப்பிக்க வழியில்லை. வேலை, குவார்ட்டர்ஸ், கேன்டீனில் கிடைக்கிற சோப்பு வரைக்கும் எல்லாமே அந்த ஒரு வாக்கின் மேல் நிற்பதாக அப்பா நம்பினார். எனக்கு வாய் முளைத்த வயதில், குடும்பத்தோடு பார்க்க மாட்டேன் என்றுதானே சொன்னீர்கள், அப்படியென்றால் தனித்தனியாகப் பார்க்கலாமா என்று கேட்டேன். சாமிகிட்ட இலக்கணம் பேசுறியாடி என்று முதுகில் ஒன்று வைத்தார். நான் கேட்டதில் என்ன தப்பு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

பார்க்கத்தான் கூடாது, கேட்கலாம் என்பது அப்பாவே கொடுத்த சலுகை. அதனால் ரேடியோவில் படத்தின் வசனத்தை மட்டும் போடுகிற ஒலிச்சித்திரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டிவியில் படம் போடும்போது அம்மா எங்கள் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவரைக்காய் நறுக்குவாள். செங்கல் வழியாக வருகிற வசனத்துக்கு அவளே படம் போட்டுக்கொள்வாள். இப்ப அவ திரும்பிப் பாக்கறா பாரு என்பாள். யார், எங்கே என்று எனக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். அம்மா அவர்கள் வாசற்படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவாள். வேலை போய்விட்டால் பழி தன் தலையில் விழும் என்று பயம். கல்யாணத்துக்கு முன்னால் பூந்தமல்லிக் கொட்டகையில் படம் மாற்றுகிற நாளெல்லாம் போய் உட்கார்ந்தவள் அவள். ஒரே ஒரு படம், பேர் போடறதுலேர்ந்து வணக்கம் போடற வரைக்கும் முழுசாப் பாத்துட்டா போதும் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

இந்த லட்சணத்தில்தான் நான் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். இரண்டாம் வருடத்தில் துறையிடைப் பாடம் என்று புதிதாக ஒன்று வந்தது. ஒரே துறைக்குச் சொந்தமில்லாத பாடமாம், நாலைந்து துறைகள் சேர்ந்து நடத்துமாம். தோட்டக்கலை, திரைப்படம் இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். நான் யோக்கியமாகத் தோட்டக்கலைக்குத்தான் பேர் கொடுத்தேன். கல்லூரி திறந்த வாரத்திலேயே, சுவர் இடிந்த பக்கமாக நுழைந்த மாடுகள் நாற்றங்காலை மொத்தமாக மேய்ந்துவிட்டதால் தோட்டக்கலையை மூடிவிட்டு எங்கள் எல்லோரையும் திரைப்படத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நான் சினிமா படித்ததற்கு முழுப் பொறுப்பும் அந்த மாடுகளுடையது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராகப் பிரின்சிபால் அறைக்கு வந்தார். படமா என்றார். பிரின்சிபால், படம் இல்லை ஐயா, பாடம் என்றார். அப்பாவுக்கு அது போதவில்லை. படம் காட்டுவீங்களா, மாட்டீங்களா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் படம் காட்டுவது என்றால் பீலா விடுவது, இல்லாத பெருமையைக் காட்டிக்கொள்வது. பிரின்சிபாலுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. இந்தக் கல்லூரியில் யாரும் படம் காட்டுவதில்லை என்று முறைப்பாகச் சொன்னார். அப்பா திருப்தியாகக் கும்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்.

பிரின்சிபால் சொன்னது சத்தியமான வார்த்தை. யாரும் ஒரு படமும் காட்டவில்லை. எந்தத் துறையும் தன் நேரத்தைத் தர மறுத்ததால் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில்தான் வகுப்பு. துறையிடைப் பாடம் என்ற பேரே மறைந்து, இடைவேளைப் பாடம் என்று ஆகிவிட்டது. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சினிமா படித்தோம். இயற்பியல் சார் வந்து மெழுகுவர்த்தியையும் குவிலென்சையும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் முழுக்கச் சுடரைத் தலைகீழாக்கினார். முதல் டெஸ்டில், படம் வரைந்து பாகங்களைக் குறிக்க என்று கேள்வி கொடுத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு சினிமா போஸ்டரையே வரைந்து கதாநாயகன், கதாநாயகி, வில்லன் என்று அம்புக்குறி போட்டு வைத்தாள். அவர் கேட்டது புரொஜெக்டர் படம். பாகங்கள் சரி, படம் தப்பு என்று எழுதிப் பாதி மதிப்பெண் போட்டார். வணிகவியல் சார் கேளிக்கை வரி எடுத்தார். அவர் வகுப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

தமிழ்த் துறையிலிருந்து வந்த தமிழ் அம்மாதான் விஷயத்தைக் கிளறிவிட்டவர். படம் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் துணி, சீலை; துணியில் எழுதிய சித்திரத்துக்கு அந்தப் பேர் வந்து, பிறகு எல்லாச் சித்திரத்துக்கும் ஆகிவிட்டது என்று சொல்லிக்கொடுத்தார். நான் சும்மா இருக்காமல் அதை வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒப்பித்தேன். அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"படம்னா துணியா? அப்போ இத்தினி வருசமா நான் தெனம் கல்லுல அடிச்சுத் தொவச்சதெல்லாம் இன்னா?"

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டுதல் எப்போதோ உடைந்துபோயிருக்கிறதோ என்று அன்றைக்கு அவர் நிஜமாகவே பயந்தார். இரண்டு நாள் யோசித்து, துணி வெறும் துணியாக இருக்கும் வரைக்கும் துணிதான், அதன் மேல் ஆள் நடமாடினால்தான் படம் என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா சரி என்றாள். ஆனால் அவள் எதையோ மனசில் போட்டு வைத்துக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

இதற்கு நடுவில் பல்கலைக்கழகத்திலிருந்து யாரோ பார்வையிட வந்தார்கள். இந்தப் பாடத்தில் இதுவரைக்கும் என்ன படம் பார்த்தீர்கள் என்று எங்களைக் கேட்டார்கள். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. வந்தவர்கள் போனதும் பிரின்சிபால் அவசர அவசரமாக ஒரு படத்துக்கு ஏற்பாடு செய்தார். கல்லூரி ஹாலின் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை கிடையாது, பகலில் இருட்டாக்க முடியாது. அதனால் சாயங்காலம் ஆறு மணிக்குப் படம். அந்த நேரத்துக்கு மேல் பெண்பிள்ளைகள் இருப்பதானால் வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வர வேண்டும் என்று சர்க்குலர் போட்டார்கள். அதைவிடப் பெரிய கூத்து, புரொஜெக்டரை வாடகைக்குச் சொல்லிவிட்டார்களே தவிர ஸ்கிரீனை யாரும் சொல்லவில்லை. வீட்டில் பெரிய வெள்ளைத் துணி இருப்பவர்கள் கொண்டுவரலாம் என்றார் இயற்பியல் சார். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது. அப்பா பொங்கலுக்கு எடுத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த இரண்டு எட்டு முழ வேட்டிகள் பீரோவில் இருந்தன.

வீட்டில் நான் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். படத்துக்குப் போக வேண்டும், துணைக்கு அம்மா வர வேண்டும், வேட்டி வேண்டும். பாடம் என்பதால் நான் போகலாம் என்று அப்பா விட்டுக்கொடுத்தார். வேட்டியும் போகட்டும் என்றார். அம்மாதான் சிக்கல். அவளுக்கு எந்தப் பாடமும் கிடையாது. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது. துணை இல்லாவிட்டால் நானும் போக முடியாது, இந்தப் பாடத்தில் கோட்டை விடுவேன் என்று கத்தினேன். அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கடைசியில் வந்து சொன்னார்.

"முன்னாடி வுழறதுதான் படம். பின்னாடி கீறது என் வேட்டி. வேட்டிக்குப் பின்னாடி ஒக்காரட்டும். பொஞ்சாதி புருசன் வேட்டியப் பாக்கறதுக்கு எந்தச் சாமி கோச்சுக்கும்?"

அம்மா திரும்பாமலே தலையாட்டினாள். அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு வேட்டிகளையும் நடுவில் சேர்த்துத் தைத்தாள். அவ்வளவு நெருக்கமான தையலை அவள் என் பாவாடைக்குக்கூடப் போட்டதில்லை.

புரொஜெக்டரோடு வந்த அண்ணாத்தே ஹாலில் தொங்கின ஸ்கிரீனை மேலும் கீழும் பார்த்தார். இன்னாம்மா இது, ஸ்கிரீன்ல கரை போட்டு கீது என்றார். மேலேயும் கீழேயும் விரலகலத்துக்குப் பச்சைக் கரை, நடுவில் தையலோடு இரட்டைக் கரை. அந்தத் துணி, மேடையின் முன்பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கியது. அதற்குப் பின்னால், மேடை மேல் ஒரு மர நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். மற்றத் துணைக்காரர்கள் எல்லாம் முன்னால் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் ஏன் அங்கே என்று பிரின்சிபால் கேட்டார். வேண்டுதல் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நம் ஊரில் அந்த வார்த்தைக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

சீஃப் கெஸ்டாகச் சினிமாக்காரர் ஒருவர் வருவதாக இருந்தது. வரவில்லை. அவருக்கு வாங்கிய பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு பிரின்சிபால் முன்வரிசையில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு ரயில்வே கேட் கீப்பர், அவன் பெண்டாட்டி. அவள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிற ரயிலுக்கு அவனே கேட்டைச் சாத்திப் பச்சைக் கொடி காட்ட வேண்டியிருக்கிறது. நல்ல படமாக இருந்திருக்கும். என்னால் கவனிக்க முடியவில்லை. என் கண்ணெல்லாம் வேட்டிக்குக் கீழே தெரிந்த அம்மாவின் இரண்டு பாதங்களின் மேல்தான். முதலில் அவை அடக்கமாகச் சேர்ந்திருந்தன. ரயில் வந்தபோது ஒரு பாதம் மற்றதன் மேல் ஏறி, விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

நடுவில் கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு ரீல் மாற்ற நேரம் பிடித்தது. அதற்குள் அப்பாவின் ஷிஃப்ட் முடிந்து, எங்களைக் கூட்டிப்போகச் சைக்கிளில் வந்துவிட்டார். கதவுக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றவரை நான் பார்த்தேன். முன்பக்கமாக நுழைந்தால் படம் கண்ணில் பட்டுவிடும் என்பதால் சுவரைப் பார்த்தபடியே ஓரமாக நகர்ந்து மேடையின் பின்வழியாக அம்மாவைக் கூப்பிடப் போனார். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் பாதங்களுக்குப் பக்கத்தில் இரண்டு ஃபேக்டரி பூட்ஸ்கள் வந்து நின்றன. இதோ போகும், இதோ போகும் என்று நான் காத்திருந்தேன். அவை போகவில்லை. வணக்கம் போடுகிற வரைக்கும் அசையவில்லை.

விளக்குப் போட்டார்கள். வேட்டியை விலக்கிக்கொண்டு, படத்துக்குள்ளிருந்து இறங்கி வருகிற மாதிரி, காக்கி உடுப்பில் அப்பாவும் அவர் பின்னால் அம்மாவும் வெளியே வந்தார்கள். பையன்கள் விசிலடித்துக் கூரையைப் பிளந்தார்கள். பிரின்சிபாலுக்கு என்ன தோன்றியதோ, சீஃப் கெஸ்ட் இப்படித்தான் வருவார் என்று நினைத்தாரோ என்னவோ, பாய்ந்து போய் அப்பாவுக்குப் பொன்னாடையைப் போர்த்தி, நாலு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டிவிட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நான் படம் பாக்கல. வேட்டியத்தான் பாத்தேன்."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. தமிழ் அம்மா உருகிப்போனார். திரை வெறும் துணி, தோற்றம் பொய் என்பதை ஒரு தொழிலாளி எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார் என்றார். அடுத்த டெஸ்டில் அந்த வாக்கியமே கேள்வியாக வந்தது. இரண்டு பக்கத்துக்கு மிகாமல் விளக்கு. நான் எழுதியதற்குத்தான் வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால், அம்மா அவர் பக்கத்தில், மடித்த ஸ்கிரீனைச் சுமந்துகொண்டு நான் பின்னால். அம்மாவுக்கு நிறையச் சந்தேகங்கள். கதாநாயகிக்கு முந்தானை வலது தோளில் விழுகிறதே, சேட்டு வீட்டுப் பெண்ணா என்றாள். அந்த ஆள் கடைசி வரைக்கும் பீச்சாங்கையாலேயே சாப்பிட்டானே, கைக்கு என்ன என்றாள். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாகத் தெரியும் என்று இயற்பியல் பாடத்தை எடுத்துவிட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நீங்க நீங்க என்று பேசினவள் அன்றைக்கு முதல்தடவையாக நீ என்றாள்.

"நீ ஏன் அழுத?"

கொசு என்றார். அம்மா விடவில்லை. ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் நிற்க வேண்டியதாயிற்று. ஓடிப்போக வழியில்லாத அந்த இடத்தில் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். வேலையில்லாத நாளில் அவருக்குச் சினிமாக் கொட்டகையைத் தவிர வேறு வீடே இல்லையாம். ஒரே படத்தை மூன்று காட்சியும் பார்ப்பாராம். சாமிக்குக் கொடுப்பதென்றால் ரொம்பப் பிடித்ததைத்தான் கொடுக்க வேண்டும், அவரிடம் அது ஒன்றுதான் இருந்ததாம். இத்தனை வருடம் சினிமாவே ஆகாத மனுஷன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னபோது எனக்கு மனசு இளகிவிட்டது. அம்மாவுக்கு இளகவில்லை.

"நீ உட்டது உன் இஷ்டம். என்னுத ஏன் உட்ட?"

ரயில் வந்து போனது. கேட்டைத் திறந்தார்கள். நாங்கள் நகரவில்லை.

"நீ பாத்துட்டு வந்து கதை சொல்லுவ," என்றார் அப்பா. "அத்தக் கேட்டுகினு நான் எப்டிக் கம்முனு கீறது? தாங்காதுடி."

அம்மா நடையைக் கட்டினாள். வீடு வந்து, சாதம் போட்டு, பாத்திரம் கழுவி, படுத்து, அந்த வாரம் முழுக்க அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா அவள் முகத்தைப் பார்ப்பதும் நகர்வதுமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, பையை எடுத்தாள். எங்கே என்றார் அப்பா. அம்பத்தூரில் மேட்னிக்கு என்றாள். குடும்பத்தோடு பார்க்க மாட்டேன் என்றுதானே வேண்டுதல், நான் தனியாகத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நான் முதுகில் அடி வாங்கின அதே இலக்கணம்.

இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். முகம் கழுவினாள். கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, கேக்கலாந்தான, பாக்கத்தான கூடாது என்று சொல்லிவிட்டு, பேர் போடுவதிலிருந்து ஆரம்பித்தாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறாராம். அம்மா ஒவ்வொரு ஆளாக வந்தாள், நடந்தாள், கதவைச் சாத்தினாள், மழையில் நனைந்தாள். கதையில் அண்ணன்காரன் பெட்டியோடு வீட்டை விட்டுக் கிளம்புகிற இடத்தில் அப்பா புரண்டு இந்தப் பக்கம் படுத்தார். வழியில் அவனைத் தேடி ஒருத்தன் கத்தியோடு வருகிற இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இவன் திரும்புகிறான், அவன் கையை ஓங்குகிறான்.

"இடைவேளை," என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து தோசைக்கல்லைப் போடப் போனாள்.

அப்பா கொஞ்ச நேரம் உட்கார்ந்த இடத்திலேயே காத்திருந்தார். தோசை வந்தது, கதை வரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு தானே அடுக்களைக்குப் போனார். கதவோரம் நின்று, அந்தக் கத்திக்காரன் குத்தினானா இல்லையா என்று மட்டுமாவது சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"இருவது வருசம் நான் காத்துகினு இருந்தேன். நீ அடுத்த ஞாயித்துக்கெழம வரிக்கும் இரு."